வாசலில் நிற்கும் பிள்ளை



2010ஆம் ஆண்டின் ஒரு காலைப்பொழுதில் வன்னியிலிருந்து வந்த தகப்பனார் ஒருவர் தம் மகனோடு அலுவிகாரையில் எம்மைச் சந்தித்தார். அவருடைய பெற்றோர் மாத்தளைத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் உயிருக்குப் பயந்து வடக்கே போனவர்கள். அங்கே காடு வெட்டி, கிணறு தோண்டி, உழுந்தும் நிலக்கடலையும் போட்டு ஒருவாறு காலூன்றினார்கள். 2009இல் அந்த மண்ணையும் விட்டு ஓடி, மாதக்கணக்கில் முகாமில் இருந்து, ஈற்றில் உறவினரைத் தேடி இந்தக் குடும்பம் மாத்தளைக்கே திரும்பி வந்தது. பிறர் காணியில் போஞ்சியும் கறிமிளகாயும் வைத்து, விளைச்சலில் பாதியைக் காணிக்காரருக்குக் கொடுத்து வாழ்க்கையை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பையனுக்கு 13 வயது. எட்டாம் வகுப்பில் சேர வேண்டும். பெயர்பெற்ற பாடசாலையொன்றுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். விடுகைப் பத்திரம் இல்லாமல் சேர்க்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "பள்ளிக்கூடமே இல்லாமப் போச்சுங்கையா. பத்திரத்துக்கு நான் யாருகிட்ட போவேன்?" என்று அவர் எம்மைக் கேட்டார். பையன் எதுவும் பேசவில்லை. பிறகு மெதுவாக, அந்த வாசலில் பெரிய பலகையொன்று இருந்ததாகவும், அதில் 9 பாடங்களிலும் 'ஏ' எடுத்த பிள்ளைகளின் படங்கள் இருந்ததாகவும் சொன்னான். எத்தனை படங்கள் என்றுகூட எண்ணி வைத்திருந்தான்.

அந்தப் பிள்ளையின் முகம் எமக்கு இன்றும் மறக்கவில்லை. கிறிஸ்தவப் பாடசாலைகளின் பரிசளிப்பு விழாக்களில் மூன்று சொற்களை நாம் அடிக்கடி கேட்கிறோம்: விசுவாசம், சேவை, சாதனை. மேடையில் நின்று பார்க்கும்போது அவை அழகான சொற்கள். பத்திரமில்லாமல் வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் நின்று பார்த்தால் அவற்றுக்கு என்ன பொருள்? இதைப் பற்றியே இம்முறை உங்களோடு சிந்திக்க விரும்புகிறோம்.

இந்த வீதி கண்டவை

அலுவிகாரை மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ 3 கிலோமீற்றரில், கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியோரமாக இருக்கிறது. எம்மவரின் இடப்பெயர்வுக் கதை முழுவதையும் இந்த வீதி கண்டிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த கோப்பித் தோட்டத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நடந்து, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே கொலராவிலும் காய்ச்சலிலும் மாண்டவர்கள் பலர். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டின் சட்டம் பறித்தது. 1977இலும் 1983இலும் அவர்களின் வழிவந்தோர் பலர் இதே வீதியால் வடக்கே ஓடினார்கள். 2009இன் பின் சிலர் இதே வீதியால் திரும்பினார்கள். வீதி ஒன்றுதான், போவதும் வருவதும் எங்கள் விருப்பப்படி நடக்கவில்லை.

இந்த வீதியோரத்துக் குகைகளில் இன்னொரு பழைய கதையும் இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயன் என்னும் வலகம்பா மன்னனின் காலத்தில், போரும் கொடிய பஞ்சமும் நாட்டை வாட்டின. மன்னனே அரியணையை இழந்து பல ஆண்டுகள் மறைந்து வாழ்ந்தான். அதுவரை பௌத்தத்தின் திரிபிடகம் பிக்குகளின் நினைவிலேயே இருந்தது. ஆசிரியர் சொல்ல மாணவர் கேட்டு மனப்பாடம் செய்வார்கள். பஞ்சத்தில் பிக்குகள் மடிந்தால் அவர்களோடு அந்த அறிவும் மடிந்துவிடும். ஆகவே அதனை ஏட்டில் எழுதி வைத்தார்கள். அது நடந்த இடம் அலுவிகாரை என்பது மரபு. தாளிப்பனை ஓலையைப் பதப்படுத்தி எழுத்தாணியால் எழுதும் முறையை இன்றும் அங்கே போகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள்.

அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். ஆனாலும் இடம்பெயர்ந்தவர்களாகிய எமக்கு அந்தக் குகைகள் ஒரு பாடம் சொல்கின்றன. ஒரு சிலரிடம் மட்டும் இருக்கும் கல்வி அந்தச் சிலரோடு அழிந்துபோகும். ஆபத்துக் காலத்தில் கல்வியைக் காப்பதற்கு வழி அதனைப் பூட்டி வைப்பது அன்று. பலருடைய கையில் கிடைக்கும்படி செய்வதே. வயிற்றுக்கே வழியில்லாத நாட்களில் "படிப்பைப் பிறகு பார்க்கலாம்" என்று அந்தப் பிக்குகள் இருந்துவிடவில்லை. எங்கள் கிறிஸ்தவப் பாடசாலைகளையும் இந்த அளவுகோலால் நாம் அளந்து பார்க்கலாம்.

மூடப்பட்ட செமினரி

1816ஆம் ஆண்டில் அமெரிக்க மிசனரிமார் யாழ்ப்பாணத்தில் தம் பணியைத் தொடங்கினார்கள். தெல்லிப்பழையில் டானியேல் பூவர் பாடசாலை தொடங்கினார். 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி எழுந்தது. தமிழ், ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், பௌதிகம் என்று அக்காலத்துக்கு மிக உயர்ந்த கல்வியை அது கொடுத்தது. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கியது. பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று கேட்ட காலம் அது.

ஆனால் 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து மிசனின் செயலாளர் றூபஸ் அன்டர்சன் தூதுக்குழுவோடு வந்து நிலைமையைப் பார்த்தார். ஆங்கிலம் படித்த இளைஞர்கள் அரசாங்க உத்தியோகத்தைத் தேடிப் போகிறார்கள்; ஊருக்கும் திருச்சபைக்கும் திரும்பி வருகிறவர்கள் குறைவு; சாதனை வளர வளர விசுவாசமும் சேவையும் பின்தள்ளப்படுகின்றன. இதுவே அவர்களின் கவலை. அதற்கு அவர்கள் கண்ட மருந்து செமினரியை மூடுவது.

அந்தக் கவலை நியாயமானது என்றே நாம் நினைக்கிறோம். படித்த பிள்ளை ஊரைத் திரும்பிப் பார்க்காத துயரத்தை அறியாத விவசாயக் குடும்பம் எங்களுக்குள் இல்லை. ஆனால் மருந்து பிழையானது. நோய்க்கு மருந்து கொடுப்பதற்குப் பதிலாக நோயாளியின் கழுத்தை நெரித்தது போலாயிற்று. மூடி இரண்டே ஆண்டுகளில், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையில் சித்தியடைந்தவர்கள் அந்தச் செமினரியில் படித்த இருவர்: கறோல் விசுவநாதபிள்ளையும் சி.வை. தாமோதரம்பிள்ளையும். உயர்கல்வி வேண்டுமென்று உள்ளூர் மக்கள் விடாது கேட்டார்கள். 1872இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது.

ஏழைப் பிள்ளைக்கு உயர்ந்த கல்வி வேண்டாம், பக்தியும் ஒழுக்கமும் போதும் என்று சொல்வது விசுவாசம் அன்று. அது அந்தப் பிள்ளையைக் குறைத்து மதிப்பதாகும். அதேபோல, உயர்ந்த பெறுபேறு வந்தால் போதும், பிள்ளை யாருக்கு உதவினால் என்ன என்று இருப்பதும் கல்வி அன்று. 1855இல் பிரிக்கப்பட்டவை ஒன்றாக நின்றிருக்க வேண்டியவை.

மூவரின் வாழ்வு

ஒன்றாக நின்றபோது என்ன விளைந்தது என்பதற்கு மூவரை நினைவுகூருகிறோம்.

முதலாமவர் எலைசா அக்னியூ அம்மையார். 1840இல் வந்து உடுவில் மகளிர் பாடசாலையை ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடத்தினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகள் அவரிடம் படித்தார்கள். ஒரு தடவையேனும் விடுமுறையில் தாய்நாட்டுக்குப் போகாமல், 1883இல் யாழ்ப்பாண மண்ணிலேயே கண்மூடினார். பழைய மாணவிகளை அவர்களுடைய வீடுகளுக்கே தேடிப்போய் நலம் விசாரிப்பது அவருடைய வழக்கம். பிள்ளை பாடசாலையை விட்டுப் போனாலும் ஆசிரியரின் பொறுப்பு முடிவதில்லை என்று அவர் எண்ணினார்.

இரண்டாமவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். 1847இல் வந்தவர். மானிப்பாயில் இருந்துகொண்டு 60க்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலைக்குப் போய்விடுவதைக் கண்ட அவர், தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஊர்மொழியில் படித்தவர் ஊரிலேயே நின்று ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார் என்பது அவரது நம்பிக்கை. அன்டர்சன் கண்ட அதே நோயைத்தான் கிறீனும் கண்டார். ஆனால் அவர் வகுப்பறையை மூடவில்லை. தரத்தைக் குறைக்காமல், கல்வியின் முகத்தை மக்களின் பக்கம் திருப்பினார்.

மூன்றாமவர் முன்பு சொன்ன தாமோதரம்பிள்ளை. சிறுப்பிட்டியில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, செமினரியில் படித்து, தமிழகத்தில் உயர்ந்த உத்தியோகங்கள் பார்த்தவர். செல்லரித்துக்கொண்டிருந்த தமிழ் ஏடுகளைத் தேடியெடுத்து, ஒப்பிட்டு, அச்சேற்றினார். 1881இல் வீரசோழியமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும் அவ்வாறு வெளிவந்தன. அலுவிகாரையில் அழியவிருந்த சொல்லை ஏட்டில் ஏற்றினார்கள். இவர் அழியவிருந்த ஏட்டை அச்சில் ஏற்றினார். அவர் பின்னாளில் சைவ சமயத்தைத் தழுவினார். அதனால் அவரைக் கிறிஸ்தவக் கல்வியின் இழப்பென்று சிலர் கணக்கெழுதலாம். நாம் அப்படி எழுதமாட்டோம். தான் பெற்ற கல்வியைத் தன் மக்கள் அனைவருக்கும் திருப்பிக் கொடுத்த மாணவன் எந்தப் பாடசாலைக்கும் இழப்பு அல்லன்.

எங்கள் குறைகளும் உண்டு

பழம்பெருமையை மட்டும் பேசினால் அது நேர்மையாகாது. யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சமமாக வாங்கில் இருக்க முடியாத காலமொன்று இருந்தது. நிலத்தில் இருந்து படித்தார்கள். அல்லது படிக்காமலே போனார்கள். கிறிஸ்தவப் பாடசாலைகளும் இந்த வழக்கத்தோடு நெடுங்காலம் ஒத்துப்போனதுண்டு. அதனை எதிர்த்து எழுந்தவர்களில் அந்தப் பாடசாலைகளின் மாணவரும் இருந்தார்கள் என்பது எமக்கு ஆறுதல். யாழ்ப்பாணக் கல்லூரியில் படித்து அங்கேயே ஆசிரியராக இருந்த ஹன்டி பேரின்பநாயகமும் தோழர்களும் 1924இல் மாணவர் காங்கிரஸைத் தொடங்கினார்கள். பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அந்த இயக்கம் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தது. 1927இல் மகாத்மா காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்ததும் அவர்களே. நிலத்தில் இருந்த பிள்ளையைத் தூக்கி வாங்கில் இருத்தப் பாடுபட்ட அந்த இளைஞர்களின் செயல், எந்தப் பரீட்சைப் பெறுபேற்றுக்கும் குறைந்ததன்று.

மலையகத்திலும் இந்தக் கணக்கைப் பார்க்கவேண்டும். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிசன் கோப்பித் தோட்டங்களுக்குள் வேதத்தையும் எழுத்தையும் கொண்டுவந்தது. ஆனால் தோட்டப் பாடசாலை என்பது நெடுங்காலம் ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு என்ற அளவிலேயே நின்றது. நகரத்துக் கிறிஸ்தவக் கல்லூரிகள் நாட்டுக்குத் தலைவர்களைக் கொடுத்துக்கொண்டிருந்தன. அதே மலையின் மறுபக்கத்தில் கொழுந்துக்கூடை சுமந்த தாயின் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பே எட்டாத உயரமாக இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பலனைத் தோட்டத்துப் பிள்ளை முழுமையாகக் காணப் பல பத்தாண்டுகள் சென்றன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் திருச்சபைகளின் பெரும்பாலான பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்குப் போயின. அதைப் பற்றித் திருச்சபைகள் மிகவும் வருந்தின. ஆனால் கைவசம் இருந்த காலத்தில் லயத்துப் பிள்ளைக்கு எத்தனை கதவுகள் திறந்தோம் என்ற கேள்வியையும் நாம் கேட்டுக்கொள்வது நல்லது.

கண்டி திரித்துவக் கல்லூரியின் சிற்றாலயத்துக்கு வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே டேவிட் பெயின்ரர் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. ஒன்றில் இயேசு சீடர்களின் கால்களைக் கழுவுகிறார். இன்னொன்றில் நல்ல சமாரியன் வழியில் விழுந்து கிடப்பவனைத் தாங்குகிறான். அவற்றில் இருப்பவர்கள் எங்கள் நாட்டு முகமும் நிறமும் கொண்ட மனிதர்கள். பாடசாலையின் நடுவில் இப்படியான படங்களை வைத்திருப்பது பெரிய பொறுப்பு. ஒவ்வொரு நாளும் அவற்றைப் பார்த்து வளர்கிற மாணவன், வழியில் விழுந்து கிடப்பவனைக் கண்டால் நின்றுதான் ஆகவேண்டும். 1904 முதல் 1924 வரை அங்கே அதிபராக இருந்த ஏ.ஜி. பிரேசர், ஆங்கிலமே எல்லாம் என்றிருந்த நாளில் தாய்மொழிக் கல்விக்கு இடம் கொடுத்தார். தன் மக்களோடு பேச முடியாத மாணவன் அவர்களுக்கு எப்படிச் சேவை செய்வான் என்பது அவரது கேள்வி.

கட்டடம் போனபின் மிஞ்சியது

பாடசாலை என்றால் என்ன என்பதை எங்களுக்குக் கற்பித்தது இடப்பெயர்வுதான். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊரை விட்டார்கள். 1816இல் வேரூன்றிய தெல்லிப்பழை யூனியன் கல்லூரியும் தன் மண்ணை விட்டுப் பெயர்ந்து வேறிடங்களில் நடந்தது. அதே 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் படித்தார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே ஓரிரவில் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அங்கே ஒரு பாடசாலைக் கட்டடத்தில் காலையில் ஒரு பாடசாலையும் மாலையில் இன்னொன்றும் நடந்தன. மரத்தடியில் கரும்பலகையைச் சாத்தி வைத்து வகுப்பு எடுத்தார்கள். அந்த ஆசிரியர்களும் முதல்நாள் இரவு எங்கே படுப்பது என்று தெரியாமல் அலைந்தவர்களே.

அப்போது விளையாட்டுத் திடல் இல்லை, மண்டபம் இல்லை, கேடயங்கள் அடுக்கிய அலுமாரி இல்லை. ஆசிரியரும் பிள்ளையும் புத்தகமும் மட்டும் மிஞ்சின. விசுவாசம் என்றால் நாளைக்கும் வகுப்பு நடக்கும் என்று நம்பி மணி அடிப்பது. சேவை என்றால் தன் தாள்களில் பாதியைக் கிழித்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது. சாதனை என்றால் குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பரீட்சைக்குப் போய் இருப்பது. அந்தக் கொட்டில்களில் மூன்றும் ஒன்றாகவே இருந்தன. நல்ல கட்டடங்கள் திரும்பி வந்தபின் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தோமா என்பதே எமது கவலை.

வேதாகமத்திலும் இடம்பெயர்ந்த மாணவரின் கதை உண்டு. தானியேலும் அவருடைய மூன்று தோழர்களும் சிறைபிடிக்கப்பட்டுப் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட இளைஞர்கள். அந்நிய மொழியையும் எழுத்தையும் மூன்று ஆண்டுகள் படிக்கும்படி வைத்தார்கள். பெயரையும் மாற்றினார்கள். அரசனுடைய பந்தியை வேண்டாமென்று காய்கறியையும் தண்ணீரையும் கேட்டு வாங்கித் தம் விசுவாசத்தைக் காத்துக்கொண்டார்கள். ஆனால் படிப்பை வேண்டாமென்று சொல்லவில்லை. மற்ற எல்லாரிலும் மேலாகத் தேறினார்கள். பின்னர் தானியேல் அந்த அறிவைக்கொண்டு பலருடைய உயிரைக் காப்பாற்றினார். அகதி முகாமில் பிறந்த பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எமக்குத் தெரியாது.

பாடசாலைகளிடம் கேட்பது

ஆகவே கிறிஸ்தவப் பாடசாலைகளை நடத்துகிறவர்களிடமும், அவற்றில் படித்து உயர்ந்தவர்களிடமும் நாம் நான்கு காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, பிள்ளையை முதலில் உள்ளே எடுங்கள்; பத்திரத்தைப் பிறகு தேடலாம். என்ன தெரியும் என்று ஒரு சிறு பரீட்சை வைத்தால் எந்த வகுப்பில் விடலாம் என்பது தெரிந்துவிடும். பெத்லெகேமில் பிறந்து எகிப்துக்கு ஓடிய குழந்தையை வணங்குகிறவர்கள், இடம்பெயர்ந்த பிள்ளையிடம் முதலில் கடுதாசி கேட்பது பொருந்தாது.

இரண்டாவது, பெறுபேற்றுப் பலகையில் இன்னும் ஒரு வரியைச் சேருங்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் சாதாரண தரப் பரீட்சை வரை வந்தவர்கள் எத்தனை பேர், இடையில் நின்றவர்கள் எங்கே என்று எழுதுங்கள். நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்தபோது தொண்ணூற்றொன்பதை விட்டுத் தேடிப்போன மேய்ப்பனின் கணக்கு அதுவே. ஒன்பது 'ஏ' எடுத்த பிள்ளையை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு பாடசாலையின் தரம் அதன் முதல் பிள்ளையில் மட்டுமல்ல, கடைசிப் பிள்ளையிலும் தெரியவேண்டும்.

மூன்றாவது, சேவையை ஒருநாள் சிரமதானத்தோடும் புகைப்படத்தோடும் முடித்துவிடாதீர்கள். உயர்தர வகுப்பு மாணவர் வாரத்தில் இரண்டு மாலைகள் குடியேற்றக் கிராமத்துக்கோ லயத்துக்கோ வந்து, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கணக்கும் வாசிப்பும் சொல்லிக் கொடுக்கட்டும். ரியூசனுக்குப் பணமில்லாத பிள்ளைக்கு அது பெரிய கொடை. வருகிற மாணவரும் எங்கள் தோட்டங்களில் இறங்கி, ஒரு கிலோ போஞ்சிக்கு எத்தனை நாள் உழைப்பு என்பதைக் கற்றுக்கொண்டு போகட்டும். கற்பிப்பவரும் கற்பவராகத் திரும்பும்போதுதான் அது சேவை. இல்லாவிட்டால் அது தர்மம் போடுவது மட்டுமே.

நான்காவது, உதவியை விசுவாசத்துக்கு விலையாக்காதீர்கள். எங்கள் நடுவில் சைவக் குடும்பங்கள் உண்டு. முஸ்லிம், பௌத்தக் குடும்பங்களும் உண்டு. புத்தகமும் சீருடையும் பெறுவதற்காக எந்தப் பிள்ளையும் தன் வீட்டுச் சாமியை மறைக்கவேண்டிய நிலை வரக்கூடாது. உதவி பெறும் பிள்ளையை மேடையில் ஏற்றிக் காட்டவும் வேண்டாம். கால்களைக் கழுவியவர் கழுவப்பட்டவர்களிடம் எந்தக் கட்டணமும் கேட்கவில்லை.

எங்களிடம் கேட்பது

மற்றவர்களைக் கேட்டுவிட்டு நாம் சும்மா இருக்க முடியாது. பெற்றோராகிய எமக்கும் கடமை உண்டு.

வெங்காயம் கிண்டும் வாரத்திலும் அரிவு வெட்டும் வாரத்திலும் பிள்ளையை மறித்துவிடுகிறோம். ஒரு நாள்தானே என்று தொடங்கி அது ஒரு மாதமாகிறது. கையில் காசு முடையானால் முதலில் நிறுத்தப்படுகிறவள் பெண்பிள்ளை. அக்னியூ அம்மையார் வந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகப்போகின்றன. இன்னும் நாம் அவளை வீட்டில் நிறுத்தினால் குற்றம் பாடசாலையிடம் மட்டும் இல்லை. பெற்றோர் கூட்டத்துக்கு நல்ல உடுப்பு இல்லையென்று போகாமல் இருந்துவிடுகிறோம். சேறு காய்ந்த சாரத்தோடு என்றாலும் போய்ப் பின்வரிசையில் இருங்கள். இந்தப் பிள்ளைக்குக் கேட்க ஆள் உண்டு என்பதை அதிபர் அறியட்டும்.

இன்னுமொன்று. "படிக்காவிட்டால் மண்வெட்டிதான் பிடிக்கவேண்டி வரும்" என்று பிள்ளைகளைப் பயமுறுத்துகிறோம். சொல்கிறவரின் கையிலேயே மண்வெட்டி இருக்கிறது. அதைக் கேட்டு வளர்கிற பிள்ளை தகப்பனின் தொழிலைத் தண்டனை என்று நினைக்கிறது. நாளைக்குப் பெரிய உத்தியோகத்துக்குப் போனால் ஊரைத் திரும்பிப் பார்க்க வெட்கப்படுகிறது. படிப்பு வராவிட்டால் தன்னையே வெறுக்கிறது. 1855இல் பெரியவர்கள் பயந்த பிரிவினையை நாங்களே எங்கள் திண்ணையில் வளர்க்கிறோம். மண்ணை அறிந்த படிப்பும் படிப்பை அறிந்த விவசாயமும் எமக்கு வேண்டும். வலிகாமம் வடக்கில் இன்னும் முழுமையாக விடுவிக்கப்படாத காணிகள் விடுவிக்கப்படும் நாளில், உறுதியையும் வரைபடத்தையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளை வேண்டும். அதே காணியில் இறங்கிக் கிணற்றை இறைக்க மனமுள்ள பிள்ளையும் வேண்டும். இருவரும் ஒருவராகவே இருக்கலாம்.

வாசலில் நின்ற அந்தப் பையனுக்கு என்ன நடந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். சில வாரங்கள் அலைந்தபின் சிறிய பாடசாலையொன்றில் இடம் கிடைத்தது. அங்கிருந்த ஆசிரியை ஒருவர் பத்திரத்தைப் பற்றிக் கேட்காமல், கடைசியாகப் படித்த கணக்கு எது என்று கேட்டாராம். மூன்று வருடம் பிந்திய பாடங்களை மாலையில் தன் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லிக் கொடுத்தார். சாதாரண தரத்தில் அவன் ஆறு பாடங்களில் சித்தியடைந்தான். உயர்தரம் படிக்க வீட்டு நிலைமை இடம் கொடுக்கவில்லை. இப்போது நீரிறைக்கும் இயந்திரம் திருத்துகிறார். அவர் கைபடாத இயந்திரம் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் குறைவு. மாலையில் லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். காசு வாங்குவதில்லை. ஏன் என்று கேட்டோம். "டீச்சர் என்கிட்ட வாங்கலையே" என்றார்.

அவருடைய படம் எந்தப் பலகையிலும் இல்லை. அவரிடம் பிந்திய கணக்கைப் படித்த பிள்ளை ஒருத்தி இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்கு இருக்கிறாள். அவளுக்காகச் செபியுங்கள். உங்கள் வாசலில் இன்னொரு பிள்ளை நிற்கிறதா என்பதையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.